தரை இறங்காத அடுப்படி

அந்த ஊரில் முடிக்காத வேலை எதுவும் தரையில் நிற்பதில்லை. சிற்பி ஒருவர் கல்லை எடுத்து, அது என்னவாகப் போகிறது என்று தனக்கே தெரியாமல் முதல் உளியை வைத்தாரென்றால், கல் அவர் கைக்கு அகப்படாமல் எழும்பிவிடும். அதனால் அங்கே யாரும் வேலையைத் தொடங்குமுன் அதற்கு ஒரு கயிறு போட்டு, மாட்டைக் கட்டுவது போல இரும்பு முளையில் கட்டிவிடுவார்கள். தொடங்கிய புதிதில் மூன்று மாடி உயரத்தில் நிற்கும். காலையில் கப்பியைச் சுற்றி இறக்கி, ஏணி போட்டு வேலை பார்த்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். முக்கால்வாசி முடிந்ததும் அது தானாகவே ஆள் உயரத்துக்கு வந்துவிடும். கடைசி மெருகின்போது தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும். முடிந்த கணத்தில் பொத்தென்று மணலில் உட்காரும். ஆகவே ‘வேலை முடிந்துவிட்டதா’ என்று அந்த ஊர்க் கலைஞர்கள் யாரும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுத் தொந்தரவு செய்ததில்லை.

இது எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்கிறவருக்கு முடிவு தெரிந்த வேலை எழும்பாது. ரொட்டி மாவு எழும்பாது, கதவு நிலை எழும்பாது, சட்டை எழும்பாது. ஊருக்குள் வரும் சாலை ஆறு வருடமாகப் பாதியில் கிடக்கிறதே, அது ஏன் பறக்கவில்லை என்று வந்தவர்கள் கேட்பதுண்டு. அதன் முடிவு அதைப் போட்டவர்களுக்கு முதல் நாளே தெரியும் என்று ஊர்க்காரர்கள் பதில் சொல்வார்கள். அங்கே இருந்த உப்புச் சுரங்கம் மூடிப்போய், அதன் கொட்டகைகள் பாலைவனத்தின் நடுவில் அநாதையாகக் கிடந்த காலத்தில், இடம் தேடி வந்த மூன்று ஓவியர்கள்தான் இதை முதலில் கண்டுபிடித்தது. பிறகு சிற்பிகள் வந்தார்கள், கண்ணாடி ஊதுகிறவர்கள் வந்தார்கள், அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வந்தார்கள், எழுதியதைப் படித்துவிட்டுப் பார்க்க வருகிறவர்களும் வந்தார்கள். முப்பது வருடத்தில் நான்கு தெருவும், இரண்டு விடுதியும், செவ்வாய்தோறும் வந்து வியாழன்தோறும் திரும்பும் ஒரு பஸ்ஸும் ஏற்பட்டுவிட்டன.

அந்த ஊருக்கென்று ஒரு முறை உண்டு. செய்தவர் இறந்து, வேலை அந்தரத்தில் நின்றுவிட்டால், அவருக்கு மிக நெருங்கின உறவு வந்து கயிற்றை அறுத்துவிட வேண்டும். ஊரே திரண்டு நிற்கும். வேலை மேலே போய்ப் புள்ளியாகிக் கண்ணுக்கு மறைகிறவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மறைந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பின்னங்கால் இல்லாத களிமண் யானை ஒன்று தன் இறக்கைக்குப் பக்கத்தில் நிதானமாகப் போனதை ஒரு விமானி பார்த்துவிட்டு, ஓய்வு பெறும்வரை யாரிடமும் சொல்லாமல் இருந்ததாகக் கேள்வி.

வெகுதூரத்தில் வேறோர் ஊரில் இருந்த தையற்காரி ஒருத்திக்கு அந்த ஊரிலிருந்து கடிதம் வந்தபோது அவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பிரித்துப் படித்தாள். அவளுடைய கணவர், தகர வேலைக்காரர், ஏணியிலிருந்து இறங்கி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று ஊர்ப் பதிவாளர் எழுதியிருந்தார். அவருடைய வேலை நாற்பது நாளாக ஏறிக்கொண்டே இருக்கிறது, செய்தவர் கை படாவிட்டால் அது அப்படித்தான் ஏறும், கயிறு கோத்த வளையம் தேய்ந்துவிட்டது, வருகிற வியாழனைத் தாண்டாது, தாங்கள் வந்து முறைப்படி கயிற்றை அறுத்துத் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அவள் கடிதத்தை மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டு காலரைத் தைத்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். துக்கத்தில் பாதியும் கோபத்தில் பாதியுமாக அழுதாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கொட்டகைக்குக் கூரைத் தகரம் மாற்ற இரண்டு வார வேலை என்று போன மனிதர் அவர். பெட்டி, புனல், மழைநீர்க் குழாய் என்று வாழ்நாளெல்லாம் முடிவு தெரிந்த வேலையே செய்தவர். அங்கே போய் மிச்சத் தகரத்தில் பொழுதுபோக்காக எதையோ வெட்டியிருக்கிறார், அது கையை விட்டு எழும்பியிருக்கிறது, அத்தோடு ஆள் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ‘சின்ன வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, முடிந்ததும் வந்துவிடுகிறேன்.’ நான்கு வருடம் நான்கு கடிதம், ஒரே வாக்கியம். ஐந்தாவது வந்தபோது அவள் பிரிக்கவில்லை. மடித்து, அடுப்படியில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு வந்த நான்கையும் பிரிக்காமலே டிராயருக்குள் போட்டுவிட்டாள். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அதை நம்புவது சுலபமாக இருந்ததால் அவளும் நம்பினாள்.

துணைக்கு நாத்தனார் வந்தார். தகரக்காரரின் மூத்த அக்கா. தம்பி எத்தனை தப்புச் செய்தாலும் அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கும் என்ற கட்சி. பஸ்ஸில் இரண்டு நாள், வாய் மூடவில்லை. தையற்காரியின் பையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலும், பிரிக்காத நான்கு கடிதங்களும் இருந்தன. கடிதங்களைக் கயிற்றின் நுனியில் கட்டி, வேலையோடு சேர்த்து மேலே அனுப்பிவிட வேண்டும் என்று அவள் வழியிலேயே தீர்மானித்துவிட்டாள்.

“அவன் உசுரக் குடுத்துச் செஞ்சதும்மா. ஒரு வார்த்தை யோசிச்சுக்கோ,” என்றார் நாத்தனார்.

“ஒன்பது வருஷம் யோசிச்சாச்சு அண்ணி.”

“கோவத்துல அறுத்தா அப்புறம் வருத்தப்படுவே.”

“கோவம் இல்லாம அறுக்கணும்னா இன்னும் ஒன்பது வருஷம் ஆகும். வளையம் தாங்காதாம்.”

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பாலைவனத்தைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

சாலை பாதியில் நின்ற இடத்தில் பஸ் அவர்களை இறக்கிவிட்டது. நடுப்பகல். முதலில் அவள் கண்ணில் பட்டது நிழல்கள்தான். மரம் மட்டை எதுவும் இல்லாத அந்த ஊரில் தெரு நெடுக நிழல் இருந்தது, அதுவும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே, வானம் கொள்ளுமட்டும், முடியாத வேலைகள் கயிற்றில் நின்றுகொண்டிருந்தன. முகம் வராத ஒரு பளிங்குப் பெண். கண்ணாடியில் ஊதிய, வேர் இல்லாத மரம் ஒன்று. அதன் வழியாக வந்த வெயில் எதிர்ச் சுவரில் பச்சையாக விழுந்தது. பாதி நெய்த கம்பளம் ஒன்று வீட்டுக் கூரை அளவுக்கு விரிந்து மிதந்தது. பத்துப் பேர் சேர்ந்து மரத்தில் செதுக்கும் ஒரு மீன், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படுத்திருந்தது. கயிறுகள் காற்றில் முனகின. கீழே ஜனங்கள் அந்த நிழல்களில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, நிழல் நகர்ந்தால் பெஞ்சையும் நகர்த்திக்கொண்டு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டும் செருப்புத் தைத்துக்கொண்டும் இருந்தார்கள். கோபப்பட்டுக்கொண்டு வந்தவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அவளுக்கே அவமானமாக இருந்தது, ஆனாலும் வாயை மூட முடியவில்லை. நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு, “அம்மாடி,” என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அது.

அவர்களை அழைத்துப் போக வெல்டிங் அக்கா வந்திருந்தாள். தகரக்காரரின் பக்கத்துக் கொட்டகைக்காரி, ஐம்பது வயது, புருவம் பாதி கருகினவள். அவள்தான் அந்த ‘யாரோ ஒருத்தி’யாக இருக்குமோ என்று தையற்காரி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். வெல்டிங் அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. “நான் இல்ல,” என்றாள் சாதாரணமாக. “வேற யாரும் இல்ல. இருந்திருந்தா மனுஷன் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பாரு.”

தகரக்காரரின் வேலை, கொட்டகைக்குப் பின்னால் முற்றத்தின் மேல், நான்கு மாடி உயரத்தில் நின்றது. கீழிருந்து பார்த்தால் தகரத்தால் ஆன ஒரு சதுரப் பெட்டியின் அடிப்பக்கம்தான் தெரிந்தது. ஏழு வருடத்தில் அது ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டது என்றும், அதன் பிறகு இரண்டு வருடம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றும் வெல்டிங் அக்கா சொன்னாள். “அது என்ன?” என்று நாத்தனார் கேட்டார். ஊரில் பெரிய விமர்சகர் ஒருவர் அதைப் பற்றி மூன்று கட்டுரை எழுதியிருந்தார், நவீன மனிதனின் தீராத பசி என்று. “அடுப்படி,” என்றாள் வெல்டிங் அக்கா.

அவர் தங்கியிருந்த அறையைத் திறந்துவிட்டார்கள். கட்டில், வேலைமேஜை, சுத்தியல் வரிசை, சுவரோரமாகத் தகரச் சுருள்கள், எங்கும் உப்புப் படிந்த தூசி. கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘இவள்’ என்று எழுதியிருந்தது. தையற்காரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். நாத்தனார் பார்த்துச் சொன்னார், உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது. “அளவெல்லாம் ஞாபகம் இருந்திருக்கு. வழிதான் மறந்துபோச்சு,” என்றாள் அவள். வழியும் மறக்கவில்லை, இரண்டு தடவை பெட்டி கட்டிக்கொண்டு பஸ் வரைக்கும் போனார், கை விட்டால் வேலை ஏறிவிடும், ஏறினால் மறுபடி இறக்க வருடங்கள் ஆகும் என்று திரும்பிவிட்டார் என்றாள் வெல்டிங் அக்கா.

மூலையில் சில தகரச் சாமான்கள் தனியாகக் கிடந்தன. நுனி வளைந்த நீளக் குச்சி ஒன்று. கைக்கடக்கமான சின்ன ஏணி ஒன்று. ஓர் ஆண்பிள்ளைச் செருப்பு ஜோடி. அளவெடுக்கிற கண்ணுக்குச் செருப்பு உடனே உறுத்தியது. அவருடைய பாதத்தைவிட இரண்டு அங்குலம் பெரிது.

“இதெல்லாம் என்ன?”

“ஏதோ குறையுதுன்னு ஒண்ணொண்ணா செஞ்சு உள்ள வெச்சுப் பாத்தாரு. தப்பா வெச்சா வேலை சட்டுனு மேல போகும். எடுத்துட்டா பழைய இடத்துக்கு வரும்.” வெல்டிங் அக்கா செருப்பைக் காட்டினாள். “இதை வெச்ச அன்னைக்குத்தான் ரொம்ப உசரம் போச்சு, கயிறு பத்தல. எல்லாரும் பதறிட்டோம். இவரு மட்டும் சிரிச்சாரு. அன்னைக்கு நல்லாத் தூங்கினாரு.”

ஏன் சிரித்தார் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை ஊர் கூடிவிட்டது. உளி, தூரிகை எல்லாம் அப்படியப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பதிவாளர் கனத்த பதிவேட்டோடு நின்றார். விமர்சகர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். முளையில் கட்டிய கயிறு விறைப்பாக மேலே போயிற்று, அதன் உச்சியில் தேய்ந்த வளையம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தையற்காரி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, கயிற்றை அதன் வாய்க்குள் விட்டாள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கை அப்படியே நின்றது.

பழக்கத்தால் நின்றது. முப்பது வருடத் தொழிலில் அவள் அளவெடுக்காமல் எதையும் வெட்டியதில்லை. கைக்குட்டைத் துணியைக்கூட டேப்பை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவாள்.

“உள்ள போய்ப் பாக்கணும்,” என்றாள்.

பதிவாளர் தர்மசங்கடப்பட்டார். அப்படி யாரும் கேட்டதில்லை, முறையில் அதற்கு இடம் உண்டா இல்லையா என்று பதிவேட்டைப் புரட்டினார். வளையம் தாங்குமா என்று விமர்சகர் கேட்டார். “அளவு எடுக்காம வெட்ட மாட்டேன்,” என்றாள் அவள். வெல்டிங் அக்கா யாரையும் கேட்காமல் போய்க் கப்பியைப் பிடித்தாள், இன்னும் ஐந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். வளையம் ஓலமிட, அடுப்படி மெல்ல மெல்ல இறங்கி, இருபத்தொரு படி ஏணிக்கு எட்டும் உயரத்தில் நின்றது. நாற்பத்தாறு வயதில் தையற்காரி முதல் முறையாக ஏணி ஏறினாள். தோளில் பை, பையில் கடிதங்கள், கழுத்தில் டேப்.

கதவைத் தள்ளி உள்ளே போனவள், தன் வீட்டுக்குள் போனாள்.

அதே அடுப்படி. தகரம் என்பதைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டு அடுப்பு, அதில் இடது பக்கத்துத் திருகு இல்லை. சுவரில் எண்ணெய் தெறித்த புள்ளிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டி ஒட்டியது. மூலை நசுங்கிய கெட்டில். கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் கோபத்தில் வைத்த வேகத்தில் நசுங்கியது. குழாய் வாயில் ஒரு சொட்டு, தலைமயிரைவிட மெல்லிய கம்பியில் விழாமல் தொங்கியது. அந்தக் குழாயை அவர் பதினொரு தடவை மாற்றிச் செய்தார் என்று பிறகு சொன்னார்கள். நாள்காட்டியில் அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய தேதி. கதவிடுக்கில், அவள் சேலையிலிருந்து எப்போதோ மாட்டிக்கொண்ட நூல்பிசிறு. அதுவும் தகரம்தான், ஊதினால் ஆடியது. அவள் டேப்பை எடுத்தாள். மேடையின் உயரம், ஜன்னலின் அகலம், அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் இருந்த தூரம். கால் அங்குலம் பிசகவில்லை. தன்னை மறந்துவிட்ட ஒரு மனிதரை ஒன்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது வருடமும் அவர் இங்கே அவளுடைய நூல்பிசிறைத் தகரத்தில் இழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று சத்தமாகவே சொன்னாள். அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை, ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

மேல்தட்டில் டப்பா இருந்தது. பட்டன்கள் போட்டு வைக்கிற டப்பா. தகரத்தில் பார்த்ததும், எடுத்துத் திறந்து பார்க்கலாமே என்று கையை உயர்த்தினாள், கூடவே வலது காலையும் தூக்கி வைத்தாள். கால் வெறுமையில் விழுந்தது. தடுமாறி மேடையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வளையம் கிறீச்சிட்டது.

ஸ்டூல் இல்லை.

கல்யாணமான முதல் வருடம் அவள் ஒரு ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவர் அன்றைக்கே அந்த ஸ்டூலைத் தெருவில் எறிந்துவிட்டு வந்து, “நான் இருக்கேன்ல, ஸ்டூல் எதுக்கு?” என்றார். அதன் பிறகு பதினேழு வருடம் மேல்தட்டு டப்பாவை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். அவர் கிளம்பிப் போன வாரமே அவள் புது ஸ்டூல் வாங்கினாள். வாங்காமல் என்ன செய்வாள்? பட்டன் இல்லாமல் சட்டை தைக்க முடியுமா? அவர் விட்டுப்போன அடுப்படியை அவர் அப்படியே செய்துவிட்டார். அவர் இல்லாத அடுப்படியில் வந்து சேர்ந்தது என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்.

அவள் வாசலில் வந்து நின்று கீழே பார்த்தாள்.

“அக்கா, தகரம் இருக்கா?”

“ஊர்ல அது மட்டும்தான் இருக்கு. என்ன வேணும்?”

“ஸ்டூல். உசரம் பதினாலு அங்குலம். மேல் பலகை பத்துக்குப் பத்து. ஒரு கால் மட்டும் அரை அங்குலம் குட்டை.”

“குட்டையாவா?” வெல்டிங் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. “நான் செஞ்சா நாலு காலும் சரியா நிக்கும்மா. வேணும்னே யாராவது கோணலாச் செய்வாங்களா?”

“எங்க வீட்டு ஸ்டூல் ஆடும் அக்கா.”

நாத்தனார் கழுத்தை அண்ணாந்து கேட்டார். “உங்க வீட்ல ஏது ஸ்டூலு? அவன்தான் வாங்கவே கூடாதுன்னானே?”

“அவர் போனப்புறம் வாங்கினேன் அண்ணி.”

 நாத்தனார் மெதுவாகப் போய் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முடிவு தெரிந்த வேலை என்பதால் ஸ்டூல் எழும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் வெல்டிங் அக்கா அதைச் செய்து, முணுமுணுத்துக்கொண்டே ஒரு காலை அரை அங்குலம் வெட்டி, தலையில் வைத்து ஏணி ஏறிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். தையற்காரி அதை மேடைக்கு வலது பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வழக்கமான இடத்தில் வைத்தாள். கயிறு தொய்ந்தது. முற்றத்தில் ஒரு மூச்சிழுப்பு கேட்டது. நாற்பது நாளுக்கு மேலாக ஏறிக்கொண்டிருந்த அடுப்படி ஏணியைத் தாண்டி, ஆள் உயரத்தைத் தாண்டி, அவசரமில்லாமல் இறங்கி, தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

அவளுக்குக் காரணம் தெரியும். ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்தது, முட்டு வைக்கவில்லை. பைக்குள் கை விட்டு ஒரு கடிதத்தை எடுத்தாள். போன வருடம் வந்தது. மடிக்கப் போனவள், ஒன்பது வருட அடுப்படிக்கு நடுவில் நின்றுகொண்டு அதைப் படிக்காமல் மடிக்க மனம் வராமல், பிரித்தாள்.

‘சின்ன வேலை ஒன்று பாக்கி இருக்கிறது, முடிந்ததும் வந்துவிடுகிறேன்’ என்றுதான் தொடங்கியது. கீழே, பென்சிலை அழுத்தி எழுதியிருந்தார்: ‘எல்லாம் வந்துவிட்டது. ஏதோ ஒன்று மட்டும் குறைகிறது. ஐந்தாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீ பதில் போடவில்லை, கோபம் நியாயம்தான். ஒரே ஒரு வரி எழுது, போதும். மேல்தட்டு டப்பாவை இப்போது எப்படி எடுக்கிறாய்? யாராவது எடுத்துத் தருகிறார்களா?’

தையற்காரி தகரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெரிய செருப்பு எதற்கு என்றும், அதை வைத்து வேலை மேலே பறந்த அன்று அந்த மனிதர் ஏன் சிரித்தார் என்றும் இப்போது தெரிந்தது. இங்கே ஒருத்தி இருப்பாள் என்று அவளும், அங்கே ஒருவன் இருப்பான் என்று அவரும் நினைத்திருக்கிறார்கள். அவர் கேட்ட கேள்வி அவள் வீட்டு அடுப்படியில் ஸ்டூலின் காலுக்கு அடியில் கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் அவள் தினம் டப்பாவை எடுத்தாள். ஒரு வரி. ஸ்டூல் வாங்கியிருக்கிறேன். எழுதியிருந்தால் மனிதர் அடுத்த வியாழக்கிழமை பஸ் ஏறியிருப்பார். அவள் வாய்விட்டு அழுதாள். தகரச் சுவர்கள் அந்த அழுகையை வாங்கித் திருப்பி அனுப்பின. வெளியே ஊர் தலை குனிந்து நின்றது. விமர்சகர் குறிப்பு எடுக்கவில்லை என்பதை அவருக்குப் பெருமையாகச் சொல்ல வேண்டும்.

அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை நான்காக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. அடுப்படி இறங்கி, தரைக்கு ஒரு விரல் மேலே வந்தது. நாத்தனார் மணலில் மண்டியிட்டு, அடியில் சுட்டுவிரலை விட்டுப் பார்த்தார், நுழைந்தது. “இன்னும் இருக்கும்மா,” என்றார்.

தையற்காரி ஸ்டூலில் ஏறினாள். கையை உயர்த்தி, மேல்தட்டு டப்பாவை எடுத்தாள். “இப்படித்தான் எடுக்கறேன்,” என்றாள், பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வது போல. “யாரும் எடுத்துத் தரல.”

பொத்தென்று அடுப்படி மணலில் உட்கார்ந்தது. நாத்தனார் விரலை எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது. கயிறு சுருண்டு முளையைச் சுற்றி விழுந்தது. வளையம் அப்போதுதான் உடைந்தது.

யாரும் கைதட்டவில்லை. அந்த ஊரில் வேலை தரை இறங்கினால் கைதட்டுகிற பழக்கம் கிடையாது, தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு மட்டும் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். பதிவாளர் பதிவேட்டில் தொடங்கியவர் என்ற இடத்தில் தகரக்காரர் என்று ஏற்கெனவே இருந்ததைப் பார்த்துவிட்டு, முடித்தவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். தையற்காரி உள்ளே டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டன்கள். ஒவ்வொன்றிலும் நான்கு துளை, ஊசி நுழைகிற துளை. “ரெண்டு பேருன்னு போடுங்க,” என்றார் நாத்தனார் அவளுக்குப் பதிலாக.

வியாழக்கிழமை பஸ்ஸில் அவர்கள் திரும்பினார்கள். ஊர்க்காரர்கள் முறைப்படி அவளுக்கு அந்த அடுப்படியைத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு தகரப் பட்டனை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுப்படி இன்றும் அந்த முற்றத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். சொட்டைத் தொடக்கூடாது. ஸ்டூலில் ஏறலாம், ஆடாது.

வீட்டுக்கு வந்த மறுவாரம் அவள் பள்ளிக்கூடச் சட்டைகளை எல்லாம் தைத்து அனுப்பிவிட்டு, வெட்டின மிச்சத் துணிகளைக் கூட்டிப் பெருக்கினாள். நீலம், வெள்ளை, காக்கி, எப்போதோ அவருக்குத் தைத்துக் காலர் வைக்காமல் விட்ட சட்டையின் கோடு போட்ட முதுகு. அவற்றில் இரண்டை எடுத்துச் சேர்த்துத் தைத்து, நடுவில் தகரப் பட்டனை வைத்தாள். என்ன தைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கை அப்படி ஒரு துணியைத் தொட்டது முப்பது வருடத்தில் அதுவே முதல் தடவை. மூன்றாவது துண்டைச் சேர்த்தபோது துணி ஊசியை விட்டுக் கழன்று, மிஷினுக்கு மேலே எழும்பி, தலைக்கு மேலே போய் நின்றது. அந்த ஊரில் மட்டும் நடக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். செருப்பில் ஒட்டிக்கொண்டு மணல் வருவதில்லையா, அது மாதிரி வந்திருக்கும். அவள் அதை ஒரு நாடாவால் மிஷின் காலில் கட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் ஸ்டூலை எடுத்துவந்து, முட்டுக் கடிதத்தைச் சரியாக வைத்து, ஏறி நின்று கையால் தைக்கத் தொடங்கினாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். வாசலில் நின்று மேலே பார்த்தார்.

“என்னம்மா இது?”

“தெரியல அண்ணி.”

“எப்ப முடியும்?”

“முடிஞ்சா அதுவா இறங்கும்.”

நாத்தனார் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பஸ்ஸில் வந்தபோது தனக்கு ஜன்னலோரம் கிடைக்காததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.